ஷெட்டுக்குள் போகாத கார்

அன்புள்ள ராசா,

இங்கே இரண்டு பேரும் சுகம். அப்பாவுக்கு முட்டு வலி. எனக்கு எங்கே வலித்தாலும் வாய் மட்டும் வலிப்பதே இல்லை என்று அவர் சொல்லிக்கொண்டிருக்கிறார். உன் கடிதம் நேற்று மத்தியானத் தபாலில் வந்தது. கல்யாணமாகி வசந்தாவோடு பெங்களூருக்குப் போன பிறகு நீ இவ்வளவு நீளமாக எழுதியதே இல்லை. உறையும் கனத்தது. மூக்குக் கண்ணாடியைத் தேடி எடுத்து, நாற்காலியில் உட்கார்ந்து, சாமியை வேண்டிக்கொண்டு பிரித்துப் படித்தால், எல்லாம் ஒரு கார் ஷெட் சமாசாரம்! உன் கம்பெனிக் குடியிருப்பில் உனக்கு ஷெட்டோடு வீடு கிடைத்திருக்கிறதாம். யாரோ ஓட்டிய காராக இருந்தாலும் நல்ல காராக வாங்கியிருக்கிறாயாம். அதை நிறுத்துவதற்குள் வசந்தாவும் அந்தக் குடியிருப்புப் பெண்களும் மாதர் சங்கம் ஒன்று ஆரம்பித்து, பக்கத்தில் கட்டட வேலை செய்கிற சித்தாள்களின் குழந்தைகளைப் பகலில் வைத்துக்கொள்ள உன் ஷெட்டைக் கேட்கிறார்களாம். "நம் வீட்டுக் கார்தான் ஆயுசு முழுக்க மரத்தடியில் கிடந்தது, என் ஷெட்டாவது ஷெட்டாக இருக்கட்டும். நீங்கள் சொன்னால் வசந்தா கேட்பாள், அவளுக்கு இரண்டு வார்த்தை எழுதுங்கள். அப்பாவிடமும் காட்டுங்கள், காருக்கு ஏங்கினவர் அவர், அவருக்குப் புரியும்" என்று எழுதியிருக்கிறாய்.

உன் வருத்தம் எனக்குப் புரியாமல் இல்லை. பள்ளிக்கூடம் போகிற அவசரத்தில் வாளியும் துணியுமாக அந்தக் காரின் மேலிருந்து காக்காய் எச்சத்தைத் துடைத்தவன் நீதானே. ஆனால் அது ஏன் மரத்தடியில் நின்றது என்று உனக்கு முழுசாக யாரும் சொன்னதில்லை. அது நடந்த அன்று நீ பள்ளிக்கூடத்தில் இருந்தாய். சாயங்காலம் வந்து கேட்டதற்கு அப்பா ஒரே வார்த்தையில் பதில் சொல்லி முடித்துவிட்டார். அதை இன்றைக்குச் சொல்கிறேன். நீ கேட்டது இரண்டு வார்த்தை, நான் எழுதப்போவது ரொம்ப. பொறுமையாகப் படி. வசந்தா பக்கத்தில் இருந்தால் அவளும் படிக்கட்டும்.

நாம் திருநெல்வேலியை விட்டு ராஜா அண்ணாமலைபுரத்துக்கு வந்தது அப்பாவின் தி. நகர் ஜவுளிக்கடைக்காகத்தான். காலையில் ஒன்பது மணிக்கு அவர் கடைக்குப் போவார், நீ பள்ளிக்கூடம் போவாய், நான் வாசல் கதவைப் பிடித்துக்கொண்டு நிற்பேன். தெருவில் எல்லாரும் நல்லவர்கள்தான், ஆனால் ஒருவர் வீட்டுக்குள் ஒருவர் போவது கிடையாது. எதிர்வீட்டு ஜானா மாமி மயிலாப்பூரிலிருந்து வந்தவர். கோலம் போடும்போது தலையாட்டுவார், நானும் தலையாட்டுவேன். மூன்று வீடு தள்ளிப் பிலோமினா டீச்சர். சாந்தோம் பக்கம் பிறந்து வளர்ந்து, பாடம் சொல்லிக் கொடுத்து ஓய்வு பெற்றவர். அவர் நடந்து போனால் தெருநாய்கூட ஓரமாக ஒதுங்கி நிற்கும். ஒரு வருஷம் முழுக்க நான் இந்த ஊரில் பேசிய பேச்சு காய்கறிக்காரனோடும் மீன்காரியோடும்தான் என்று சொன்னால் நீ நம்புவாயா? உன் அம்மாவா என்பாய். உன் அம்மாதான்.

அப்பாவுக்குத் துணை ஒரு கனவு. வீடு கட்டும்போதே கார் ஷெட்டைக் கட்டிவிட்டார். சுற்றுச்சுவருக்குச் சுண்ணாம்பு அடிக்கவில்லை, கிணற்றுக்கு உருளை மாட்டவில்லை, ஆனால் ஷெட் தயார். மேலே ஓடு, செங்கோட்டையிலிருந்து வரவழைத்த உத்தரம். பார்க்க வருகிறவர்களிடமெல்லாம் அதைத் தட்டிக் காட்டி, "யானையக் கெட்டலாம் இதுல" என்பார். காரைத்தான் காணோம். அந்தக் காலத்தில் காருக்குப் பதிவு செய்துவிட்டு வருஷக்கணக்கில் காத்திருக்க வேண்டும். பதிவு செய்தபோது பிறந்த பிள்ளை பள்ளிக்கூடம் போன பிறகுதான் கார் வரும் என்று ஊரே பேசிக்கொள்ளும். அப்பா ராத்திரிச் சாப்பாட்டின்போது வாயாலேயே ஹாரன் அடித்துக் காட்டுவார். தெருமுனையில் திரும்பியதும் மூன்று தடவை அடிப்பாராம், தெருவே வெளியில் வந்து பார்க்குமாம். நீ விழுந்து விழுந்து சிரிப்பாய்.

மாதர் சங்கம் ஆரம்பித்தது ஒரு பொங்கல் சமயம். ஜானா மாமி வீடு வீடாக வந்து கூப்பிட்டார். அவரே தலைவி, டீச்சர் செயலாளர், "புதுசா வந்தவா, இவாளுக்கும் ஒண்ணு குடுக்கணும்" என்று என்னைப் பொருளாளராக்கினார்கள். பொருளே இல்லாத சங்கத்துக்குப் பொருளாளராக இருப்பதைப் போன்ற சுகமான உத்தியோகம் வேறில்லை. வாரம் ஒரு வீட்டில் கூட்டம். முதல் வாரம் மாமி வீட்டில் காப்பியும் முறுக்கும். அடுத்த வீட்டில் கேசரி, பஜ்ஜி. அதற்கடுத்த வீட்டில் அல்வாவே வந்துவிட்டது. என் முறை வந்தபோது நான் விட்டுக்கொடுப்பேனா? உக்காரை, சொதி, ஆப்பம் என்று கல்யாண வீடு மாதிரிச் செய்து போட்டேன். எல்லாரும் தின்றுவிட்டு அங்கங்கே சாய்ந்து உட்கார்ந்தார்களே தவிர, சேவை என்ற பேச்சே எழவில்லை. மாமிதான் ஏப்பத்தை அடக்கிக்கொண்டு, "ஏண்டி, கூடிக் கூடித் தின்னுண்டு இருக்கறதுக்கா நாம சங்கம் வெச்சோம்? இனிமே யாராத்துல கூடினாலும் ஒரே ஒரு பண்டம். அதுவும் எண்ணெய் இல்லாம" என்று சட்டம் போட்டார். அவர் கையில் அப்போது என் இரண்டாவது ஆப்பம் இருந்தது.

முதல் சேவை தையல் வகுப்பு. கடற்கரைக் குப்பத்துப் பெண்களுக்குத் தைக்கச் சொல்லிக் கொடுக்கலாம் என்று தீர்மானம் போட்டு, டீச்சர் தன் தையல் மெஷினை ரிக்‌ஷாவில் ஏற்றிக்கொண்டு போனார். காலை பத்து மணிக்கு வகுப்பு. நாங்கள் வரிசையாக உட்கார்ந்திருந்தோம். ஒருத்திகூட வரவில்லை. மறுநாளும் வரவில்லை. வாரக் கடைசியில் ஒரு தாத்தா மட்டும் கிழிந்த சட்டையோடு வந்து, தைத்து வாங்கிக்கொண்டு போனார். எனக்கு மட்டும் விடை தெரிந்தது, ஏனென்றால் பத்து மணிக்கு அந்தப் பெண்களில் ஒருத்தி தினமும் நம் வீட்டு வாசலில் நிற்பாள். உனக்குத்தான் அஞ்சலையைத் தெரியுமே. மீன் கூடையை இறக்கி வைக்கும்போதே "இன்னாம்மா, நேத்து குடுத்த வஞ்சரம் எப்டி இருந்துச்சு?" என்று கேட்டபடி வருவாளே, அவள்தான். தலையில் கூடை, இடுப்பில் குழந்தை. அதுதான் செல்வி, அப்போது தத்தித் தத்தி நடக்கிற வயது.

ஒரு நாள் கூடை வந்தது, குழந்தை வரவில்லை. எங்கே என்று கேட்டேன். அஞ்சலை மீனைப் புரட்டிக்கொண்டே, "ஊட்லதாம்மா கீது. காலுல கயித்தக் கட்டி தூணுல மாட்டிட்டு வந்துகீறேன்" என்றாள். "கயித்துலயா?" என்றேன். "வேற இன்னா பண்றது, நீயே சொல்லு. அவுத்து வுட்டா தண்ணிக்கு ஓடுது. தூக்கினு வந்தா வெயில்ல வாடுது. எங்க குப்பத்துல எல்லாம் அப்டித்தாம்மா. கயிறு நீளமாத்தான் வுட்டுகீறேன்" என்றாள். அந்தக் கடைசி வார்த்தையை அவள் சொன்ன விதம் இன்னும் என் காதில் இருக்கிறது. கயிறு நீளமாக இருக்கிறது என்று எனக்கு ஆறுதல் சொன்னாள், ராசா. அன்றைக்கு மீனை வாங்கி வைத்துவிட்டுச் சமைக்க மறந்து, உனக்கு வெறும் ரசம் ஊற்றினேன். நீ முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டாய்.

அடுத்த கூட்டத்தில் நான் முதல்முதலாக வாயைத் திறந்தேன். தையலும் வேண்டாம், ஒன்றும் வேண்டாம், அவர்கள் மீன் விற்றுவிட்டு வருகிற வரைக்கும் குழந்தைகளை நாம் வைத்துக்கொள்ளலாம் என்றேன். இடம் எங்கே என்று டீச்சர் கேட்டார். "எங்க வீட்டு ஷெட்டு காலியாத்தான கெடக்கு" என்று சொன்ன பிறகுதான் அப்பாவின் முகம் ஞாபகம் வந்தது. அன்று ராத்திரி அவரிடம் மெதுவாக எடுத்தேன். முதலில் முடியாது என்றார். "யானையக் கெட்டலாம்னீங்கல்லா, நாலு புள்ளையக் கெட்டக்கூடாதா?" என்றேன். சிரிப்பை அடக்கப் பார்த்தார், முடியவில்லை. "சரி, கேட்டுக்க. காரு வார அன்னைக்கு ஷெட்டு காலியா இருக்கணும். ஒரு துணி கெடக்கக் கூடாது" என்றார். "முதல்ல காரு வரட்டும்" என்று சொல்லிவிட்டுத் தூங்கப் போனேன். சத்தியமாகச் சொல்கிறேன், அந்தக் கார் வரும் என்று நான் நினைக்கவே இல்லை. ஊரில் யாருக்குத்தான் சீக்கிரம் வந்தது?

அப்புறம் நடந்ததெல்லாம் கொண்டாட்டம்தான். காலை ஏழு மணிக்குக் குப்பத்துப் பெண்கள் வரிசையாக வந்து குழந்தைகளை விட்டுவிட்டுப் போவார்கள், மத்தியானம் வந்து தூக்கிக்கொள்வார்கள். நடக்கிற குழந்தைகள் பாயில், கைக்குழந்தைகள் தூளியில். நான் தொட்டில் என்பேன், மாமி தூளி என்பார், அஞ்சலை ஏணை என்பாள். அவரவர் வீட்டுப் பழைய சேலைகளை அந்த உத்தரத்தில் வரிசையாகக் கட்டினோம். ஒன்றை ஆட்டினால் இன்னொன்று அழும். நாலு நாள் ஓடி ஓடி ஆட்டிவிட்டு மாமி ஒரு யோசனை செய்தார். எல்லாத் தூளிகளையும் குறுக்கே ஒரே கயிற்றால் கோத்துக் கட்டி, முனையைத் தன் கால் கட்டைவிரலில் மாட்டிக்கொண்டார். விரலை அசைத்தால் மொத்த ஷெட்டும் ஆடியது. அந்தக் கயிற்றைக் கொண்டு வந்து கொடுத்தவள் அஞ்சலை. "இனிமே இது எனக்கு இன்னாத்துக்கு?" என்று சொல்லிவிட்டுப் போனாள். செல்வியின் காலில் கட்டிய கயிறுதான் அது என்று அப்போது எங்களுக்குச் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

காலால் தூளியை ஆட்டிக்கொண்டே கையால் அவரைக்காய் நறுக்குவோம். வாய் சும்மா இருக்குமா? யார் வீட்டுச் சாம்பாருக்கு வெல்லம் போடுவார்கள், யாருடைய நாத்தனார் என்ன சொன்னாள் என்று எல்லாம் அங்கே தீர்ந்தது. டீச்சர் கிறிஸ்துமஸுக்குச் செய்கிற பலகாரத்தை நான் கற்றுக்கொண்டேன், என் உக்காரையை அவர் கற்றுக்கொண்டு என்னைவிட நன்றாகச் செய்தார். அதை நான் இன்றுவரை ஒப்புக்கொண்டதில்லை. எனக்குக் காய்ச்சல் வந்து படுத்தபோது மாமி ரசத்தைத் தூக்குப்பாத்திரத்தில் எடுத்துக்கொண்டு நம் சமையலறைக்குள்ளேயே வந்தார். நான் தயங்கி, "மாமி, இங்க நேத்து மீன் வச்சோம்" என்றேன். "அதனால என்னடி, மீன் இப்ப பாத்திரத்துல இல்லியோன்னோ" என்று சொல்லிவிட்டு அடுப்பைப் பற்றவைத்தார். இந்த ஊரில் நான் தனியாக இல்லை என்று எனக்குத் தெரிந்தது அன்றைக்குத்தான். சுவர்ப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு கொஞ்சம் அழுதேன், சந்தோஷத்தில்.

அப்போது பார்த்து கார் வந்தது. வரிசையில் முன்னால் இருந்தவர்கள் சிலர் வேண்டாமென்று விட்டுவிட்டார்களாம். கடைக்கு டெலிபோன் வந்து, அப்பா மாலையில் ஓடாத குறையாக வீட்டுக்கு வந்தார். "ஏளா! வெள்ளிக்கெழம காலைல எடுக்கேன். பதினோரு மணிக்குள்ள வீட்டுக்குக் கொண்டாந்திரணும், நல்ல நேரம்" என்றார். அவர் முகம் தீபாவளிக்கு வெடி கிடைத்த பிள்ளையின் முகம் மாதிரி இருந்தது. ஷெட்டைப் பற்றி அவர் ஒரு வார்த்தை பேசவில்லை. நான் வாக்குக் கொடுத்தவள், காப்பாற்றுவேன் என்று நம்பினார். அதுதான் என்னைக் குத்தியது. அந்த மனிதர் தனக்கென்று ஆசைப்பட்டது அந்த ஒன்றைத்தான். ஒரு பக்கம் அவர், ஒரு பக்கம் அந்தக் கயிறு.

சங்கம் அவசரமாகக் கூடியது. மாமி வீட்டுக் கூடம் கேட்டோம், மாமா பஞ்சாங்கத்தைக் காட்டி மறுத்துவிட்டார். டீச்சர் தங்கள் மாதா கோயில் மண்டபத்தைக் கேட்டுப் பார்த்தார், அங்கே வேறு வகுப்பு. யாரோ கொல்லைப்புறம் தருகிறேன் என்றார்கள், அங்கே கிணறு. ஒருவர்மேல் ஒருவர் எரிந்து விழுந்தோம், அந்த வருஷத்தில் முதல் சண்டை. கடைசியில் வேறு வழியில்லாமல், வியாழக்கிழமையோடு ஷெட்டைக் காலி செய்வது, இதைத் தாய்மார்களுக்குத் தெரிவித்துவிடுவது என்று தீர்மானம் போட்டோம். முன்மொழிய ஒருவர், வழிமொழிய ஒருவர், எல்லாம் முறைப்படி. வீட்டுக்கு வந்து ஆளாளுக்குக் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்தோம்.

வெள்ளிக்கிழமை காலை ஏழு மணிக்கு வாசலில் சத்தம். எட்டிப் பார்த்தால், அஞ்சலை முதலாக அத்தனை பேரும் குழந்தைகளோடு நிற்கிறார்கள்! தெரிவித்துவிடுவது என்று தீர்மானம் போட்டோமே தவிர, யார் தெரிவிப்பது என்று போடவில்லை. மாமி சொல்லியிருப்பார் என்று நான், டீச்சர் சொல்லியிருப்பார் என்று மாமி, ஷெட்டுக்காரி சொல்லியிருப்பாள் என்று டீச்சர். உண்மை என்னவென்றால் ஒருத்திக்கும் சொல்ல வாயும் வரவில்லை, தூளிகளை அவிழ்க்கக் கையும் வரவில்லை. மற்றவள் சொல்லட்டும் என்று எல்லாருமே இருந்துவிட்டோம். செல்வி இரண்டு கையையும் என் பக்கம் நீட்டினாள். அஞ்சலை கூடையைத் தலையில் வைத்துக்கொண்டு, "வரட்டாம்மா" என்று போயே போய்விட்டாள். அப்பா அப்போது கோயிலுக்குப் போயிருந்தார், அப்படியே கார் எடுக்கப் போய்விடுவார்.

பத்தரை மணிக்கெல்லாம் குழந்தைகளை மாமி வீட்டு வாசலுக்காவது மாற்றிவிடுவது என்று திட்டம். மாமா என்ன சொன்னாலும் சொல்லட்டும் என்று மாமியே துணிந்துவிட்டார். ஆனால் பத்தேகாலுக்கு அத்தனையும் தூங்கிவிட்டன. ஒரு நாளும் சேர்ந்தாற்போல் தூங்காத கூட்டம், அன்றைக்கென்று ஒரு முனகல்கூட இல்லை. நான் ஒரு தூளியை அவிழ்க்கக் கை நீட்டினேன். மாமி என் கையைத் தட்டிவிட்டார். "தூங்கற கொழந்தைய எழுப்பப்படாதுடி. கார் என்ன, கொஞ்சம் வெளில நின்னா கரைஞ்சா போயிடும்?" என்றார். எனக்கோ மூன்று தடவை அடிக்கப்போகிற அந்த ஹாரன்தான் நினைவு. அதைச் சொன்னேன். பிலோமினா டீச்சர் எழுந்தார். குடையை எடுத்துக்கொண்டு தெருமுனைக்கு விறுவிறு என்று நடந்தார்.

அங்கே நடந்ததைக் கடை ஆட்கள் பிறகு சொல்லிச் சொல்லிச் சிரித்தார்கள். கார் மாலையும் சந்தனமுமாகத் திரும்புகிறது. அப்பா முன்ஸீட்டில், கை ஹாரன் மேல். நடுத்தெருவில் டீச்சர் குடையை விரித்துப் பிடித்து நிற்கிறார். வண்டி நின்றது. டீச்சர் ஜன்னலில் குனிந்து, "சார், தயவுசெஞ்சு ஹாரன் அடிக்காதீங்க. பிள்ளைங்க இப்பதான் கண்ணசந்திருக்கு" என்றார். அப்பாவுக்கு டீச்சர்மார் என்றால் சின்ன வயதிலிருந்தே நடுக்கம். கையை எடுத்துவிட்டார். "இஞ்சினும் சத்தம் போடுதே சார்" என்றார் டீச்சர். இஞ்சினும் நின்றது. கடை ஆட்கள் இறங்கிப் பின்னாலிருந்து தள்ளினார்கள். நாங்கள் வாசலில் நின்று பார்க்கிறோம், பளபளவென்று புத்தம் புதுக் கார், மாலையெல்லாம் ஆட, சத்தமில்லாமல் தள்ளுவண்டி மாதிரி வருகிறது. சைக்கிளில் போன ஒருவர் நின்று, "இன்னா சார், இப்பதான் எடுத்தீங்க போலகீது, அதுக்குள்ள ரிப்பேரா?" என்று கேட்டார். அப்பா அவரைப் பார்த்து வாயில் விரல் வைத்து "ஷ்ஷ்" என்றார்.

வாசலில் எலுமிச்சம்பழத் தட்டோடு நின்றேன். அவர் இறங்கி என்னைப் பார்த்தார். கோபம் தலைக்கேறியிருந்தது, ஆனால் கத்த முடியவில்லை. "ஏளா, என்ன சொன்ன நீ? என்ன சொன்ன?" என்று கிசுகிசுவென்று திட்டினார். கிசுகிசுவென்று திட்டினால் திட்டு மாதிரியே இருக்காது, ராசா. எனக்குப் பயத்திலும் சிரிப்பு வந்துவிட்டது. அவர் என்னை விலக்கிவிட்டு நேரே ஷெட்டுக்குள் போனார். அத்தனை மாதத்தில் அவர் அதற்குள் எட்டிப் பார்த்ததே இல்லை. உள்ளே போய் நின்றவர் நின்றபடியே இருந்தார். வரிசையாகத் தூளிகள், ஒவ்வொன்றிலிருந்தும் ஒரு குட்டிக் கால் வெளியே. கீழே பாயில் செல்வி புரண்டு எழுந்து அவரை அண்ணாந்து பார்த்தாள், அழ வாயைக் கோணினாள். அந்த நேரம் பார்த்து ஒரு தூளியும் முனகியது. அப்பா பதறிப்போய்ப் பக்கத்தில் தொங்கிய கயிற்றைப் பிடித்து இழுத்தார். மொத்த ஷெட்டும் ஆடியது. அவர் அதை எதிர்பார்க்கவில்லை. இன்னொரு தடவை இழுத்தார். மறுபடி எல்லாம் ஆடின. முனகல் நின்றது, செல்வி கோணின வாயை நேராக்கிக்கொண்டு சிரித்தாள். அவர் நிறுத்தவில்லை. புது வேட்டியும் நெற்றி நிறையத் திருநீறுமாகக் கயிற்றை இழுத்துக்கொண்டே நின்றார். நல்ல நேரம் அதன்பாட்டுக்குப் போய்க்கொண்டிருந்தது.

கொஞ்ச நேரம் கழித்து ஒரு தூளியின் துணியைப் பிடித்து, கடையில் செய்வதுபோலக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் தேய்த்துப் பார்த்தார். அடுத்ததையும் பார்த்தார். முகம் சுருங்கியது. என்னைக் கையைக் காட்டிக் கூப்பிட்டார். நான் போய் நின்றேன், இதோ காலி செய் என்று சொல்லப்போகிறார் என்று. "இது யாரு சேல? நைஞ்சு போய்க் கெடக்கு. இன்னும் பத்து நாள் தாங்காது, புள்ள கீழ விழுந்திரும். ஜவுளிக்கடைக்காரன் வீட்டுல இப்படியா கெட்டி வைப்பாவ?" என்றார். மறுநாள் காலை கடையிலிருந்து ஒரு கட்டு காடாத்துணி வந்து இறங்கியது. தானே அளந்து, தானே கிழித்து, யானை கட்டுகிற அந்த உத்தரத்தில் தானே ஏறிக் கட்டினார். கார் வந்த அன்றைக்கு அதைத் தெருவோரத் தூங்குமூஞ்சி மரத்தடியில் நிறுத்தினார்கள். சக்கரம் ஏறாத எலுமிச்சம்பழங்களை மாமி வீணாக்கவில்லை. பிழிந்து சர்க்கரை போட்டு, தள்ளிக்கொண்டு வந்த ஆட்களுக்கும் எங்களுக்கும் கொடுத்தார். அதற்குள் அஞ்சலையும் வந்து சேர்ந்தாள். காரைச் சுற்றி ஒரு தரம் நடந்து பார்த்துவிட்டு, "நைனா, வண்டி ஷோக்கா கீது. ஆனா ஏன் வெளில நிக்கிது?" என்று அப்பாவையே கேட்டாள். அதையேதான் சாயங்காலம் நீயும் கேட்டாய். இரண்டு பேருக்கும் அவர் சொன்ன பதில் ஒன்றுதான். "உள்ள ஆளு இருக்குல்லா."

அந்த வருஷக் கடைசியில் ஆண்டுவிழாவை அந்த ஷெட்டிலேயே நடத்தினோம். குப்பத்துப் பெண்கள் எல்லாரும் சங்கத்தில் உறுப்பினரானார்கள். யார் எதை யாரிடம் சொல்ல வேண்டும் என்று பார்த்துக்கொள்கிற பொறுப்பை ஒருமனதாக அஞ்சலைக்குக் கொடுத்தோம், ஏனென்றால் எங்கள் லட்சணம் எங்களுக்குத் தெரிந்துவிட்டது. விழாவில் எடுத்த போட்டோ கூடத்தில் இன்னும் மாட்டியிருக்கிறது. காரின் முன்னும் பின்னும் நாங்கள் எல்லாரும் நிற்க, ஸ்டியரிங் பக்கம் செல்வியை மடியில் வைத்துக்கொண்டு அப்பா. கார் எதற்கு வெளியில் நிற்கிறது என்று தெருவில் கேட்டவர்களிடமெல்லாம், "புது வண்டிக்குக் காத்து படணும்" என்று அவர் மனசாரப் பொய் சொன்னார். செல்வி இப்போது பள்ளிக்கூடத்தில் பெரிய வகுப்பு. போன வாரம்கூட வந்து, தாத்தா எங்கே என்று அவரைத்தான் முதலில் தேடினாள்.

இப்போது உனக்கு. நீ வசந்தாவைக் கட்டிக்கொண்டு போய் விட்டிருக்கிற ஊர் அவளுக்குப் புதிது. காலையில் நீ வேலைக்குப் போன பிறகு அவள் கதவைப் பிடித்துக்கொண்டு நிற்பாள். சங்கம், கூட்டம், முறுக்கு என்று அவர்கள் கூடுவதைப் பார்த்தால் உனக்கு வெட்டிப்பேச்சாகத் தெரியும். வெட்டிப்பேச்சுதான். அதில்தான் எனக்கு ஒரு மாமி கிடைத்தார், ஒரு டீச்சர் கிடைத்தார், ஒரு அஞ்சலை கிடைத்தாள். உனக்கு இந்த வீட்டில் ஒரு சந்தோஷமான அம்மா கிடைத்தாள். ஷெட்டைக் கொடுப்பதும் கொடுக்காததும் உன் இஷ்டம், நான் சொல்லி நீ கொடுக்க வேண்டாம். அந்தச் சித்தாள் பெண்களில் ஒருத்தியிடம், காலையில் குழந்தையை எங்கே விட்டுவிட்டு வந்தாய் என்று நீயே ஒரு நாள் கேட்டுப் பார். பதிலைக் கேட்ட பிறகும் உன் வண்டி உள்ளேதான் நிற்க வேண்டும் என்று தோன்றினால், நான் மறுபேச்சு பேச மாட்டேன்.

அப்பாவிடம் காட்டச் சொன்னாயே, உன் கடிதத்தைக் காட்டினேன். ஒரு தரத்துக்கு இரண்டு தரம் படித்தார். முட்டு வலியோடு சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே கிளம்பினார். கேட்டால், கடைக்கு என்றார். இப்போது திரும்பி வந்து கூடத்தில் காடாத்துணியை விரித்துப் போட்டு அளந்துகொண்டிருக்கிறார். உன் ஷெட்டில் உத்தரம் மரமா இரும்பா என்று கேட்டு எழுதச் சொல்கிறார். இரும்பாக இருந்தால் துணியை அறுத்துவிடுமாம், சாக்கைச் சுற்றிவிட்டுத்தான் கட்ட வேண்டுமாம். வசந்தாவுக்கு நானும் தனியாக எழுதிவிட்டேன், தூளிகளை எப்படி ஒரே கயிற்றில் கோப்பது என்று படமே போட்டிருக்கிறேன். பார்சல் நாளைக்குக் கிளம்புகிறது. அதற்குள் நீ வண்டி நிறுத்த ஒரு நல்ல மரமாகப் பார்த்து வை. காக்காய்க் கூடு இல்லாத மரமாகப் பார்.

உன் அம்மா